எட்டாம் நாள் சாப்பாடு

புடாபெஸ்ட்
22 அக்டோபர் 1995

மருமகள் ஹிண்டலுக்கு,

நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். மழை வந்தால் முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். நீயும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். டின் மீன் தின்று வளர்கிற பிள்ளைகளுக்கு என்ன வந்துவிடப் போகிறது.

ஆகஸ்டில் நீங்கள் வந்துபோனது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. வாத்துக் கறியும் சிவப்பு முட்டைக்கோஸும் செய்து வைத்திருந்தேன். நீ என் மேசையிலேயே, என் விரிப்பின் மேலேயே செய்தித்தாளைப் போட்டு, காகிதத் தட்டு வைத்து, பெல்ஜியத்திலிருந்து தூக்கி வந்த டின்னைத் திறந்தாய். ஃபெய்கா வாத்துக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அவள் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாய். என் பேத்தியின் முகத்தை, என் வீட்டில். நீங்கள் போன பிறகு அந்த வாத்தைக் கீழ்வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவள் இன்றுவரை அதன் ருசியைச் சொல்லிச் சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறாள்.

வரும் பஸ்கா வாரத்தில் அப்பாவின் நினைவுநாள் வருகிறது, எல்லோரும் வருகிறோம் என்று என் மகன் காபோர் போனில் சொன்னான். சொன்ன வேகத்தில் வைத்தும்விட்டான். ஆகவே உன்னிடம் கேட்கிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள், அதற்குமேல் அந்த வருஷம் யூதப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடவில்லை. ஆனால் ஓர் ஆலை முழுவதற்கும் சோறு போட்டு ஓய்வு பெற்றவள். சமையலில் எனக்கு எட்டாதது ஒன்றும் இல்லை. என்னென்ன செய்தால் நீ என் அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுவாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. செய்கிறேன். உனக்காக அல்ல.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

பிரோஷ்கா

*

ஆன்ட்வெர்ப்
12 நவம்பர் 1995

மதிப்புக்குரிய அத்தைக்கு,

இறைவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

கேட்டீர்கள், எழுதுகிறேன். இறைச்சிக்கு ஒரு தொகுதி பாத்திரம், பாலுக்கு வேறு தொகுதி. கரண்டி, கத்தி, துடைக்கும் துணி, கழுவும் தொட்டி வரை இரண்டு. இறைச்சி விதிப்படி அறுத்து விற்கும் நம் கோஷர் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும், ரத்தம் போக ஊறவைத்து உப்பிட்டுக் கழுவ வேண்டும். ஈரலை நேராக நெருப்பில் சுட வேண்டும். முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து ரத்தப் புள்ளி இருக்கிறதா பார்க்க வேண்டும். கீரை, கோஸ் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்க்க வேண்டும். அடுப்பை ஜெபக்கூடத்து ரபியின் ஆள் வந்து நெருப்பு வைத்துச் சுத்தப்படுத்த வேண்டும். புதுப் பாத்திரங்களைச் சடங்குக் குளத்தில் முக்கி எடுக்க வேண்டும். இது சாதாரண நாளுக்கு. புளித்த மாவு துளிகூடப் படக் கூடாத பஸ்காவுக்கு இதற்கும் மேலே இன்னொரு தனிச் சமையலறையே வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வயதில் இதெல்லாம் வீண் சிரமம். இத்தனை காலம் இல்லாததை இப்போது எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை.

உங்கள் மகன் நலம். எழுத நேரமில்லை என்று சொல்லச் சொன்னார்.

ஹிண்டல்

*

புடாபெஸ்ட்
20 பிப்ரவரி 1996

ஹிண்டலுக்கு,

மூன்று மாதமாகக் கடிதம் இல்லையே, கிழவி பயந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். கிழவிக்கு வேலை இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கையில் ஒரு தீக்காயம், ஆறிவிட்டது.

கோஷர் கோழிக் கடைக்குப் போய், யார் எனக்குச் சொல்லித் தருவீர்கள் என்று கேட்டேன். கடைக்காரரின் மருமகள் செரேன் முன்வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. வாரம் இரண்டு முறை வந்து என் சமையலறையில் நின்று என்னை அதட்டுகிறாள். முதல் நாளே அலமாரியைத் திறந்து பார்த்து, "மாமி, இதுல எதைத் தூக்கிப் போடறதுன்னு கேக்காதீங்க, எதை வெச்சுக்கறதுன்னு கேளுங்க" என்றாள். மேசை விளக்கை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாள். என் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள் முழுவதும் கீழ்வீட்டுக்காரிக்குப் போயின. முதலில் வாத்து, பிறகு பாத்திரம், உன்னால் அவள் வாழ்கிறாள்.

ரபியின் ஆள் என்று வந்தவர் செரேனின் மாமனாரேதான். கொல்லன் பட்டறையில் இருப்பதுபோல ஒரு தீக்குழலைக் கொண்டுவந்து அடுப்பின் உள்பக்கம் சிவக்கும்வரை சுட்டார். அடுப்பு சுத்தமானது, தரை விரிப்பு கருகிப்போனது. புதுப் பாத்திரங்களை இரண்டு பையில் தூக்கிக்கொண்டு டிராமில் குளத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நான் மாதவிலக்குக் குளியலுக்கு வந்தேன் என்று நினைத்து, வயதைப் பார்த்துத் திகைத்தாள். குண்டானைக் காட்டினேன்.

ஒரு நாள் வெண்ணெய் தடவிய கத்தியால் கோழியை நறுக்கிவிட்டேன். செரேன் பார்த்துவிட்டாள். கத்தியைப் பிடுங்கி, ஜன்னலில் இருந்த பூந்தொட்டி மண்ணில் குத்தி வைத்தாள். மண் தீட்டை எடுத்துவிடும் என்பது அவள் பாட்டி நம்பிக்கையாம். ஜெரேனியச் செடிக்கு நடுவே கத்தி நிற்கிறது, எதிர்வீட்டுக்காரன் தினமும் எட்டிப் பார்க்கிறான். கோழிக் குழம்பில் புளித்த பாலேடு சேர்க்காமல் சமைக்கப் பழகினேன். அது சாப்பாடு இல்லை, தண்டனை. ஆனாலும் சமைக்கிறேன்.

பூரிம் பண்டிகைக்கு ஒரு பலகாரத் தகரடப்பா அனுப்பியிருக்கிறேன். உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட கின்ட்லி. ஆன்ட்வெர்ப் வருகிற தொப்பிக் கடைக்காரர் கொண்டுவருவார். மாவு பிசைந்தது முதல் டப்பா மூடியது வரை செரேன் பக்கத்திலேயே நின்றாள். எப்படி இருந்தது என்று எழுது.

இதை எல்லாம் படித்துவிட்டு, உன் வயதுக்கு இது வீண் சிரமம் என்று மறுபடி எழுதாதே.

பிரோஷ்கா

*

ஆன்ட்வெர்ப்
7 மார்ச் 1996

மதிப்புக்குரிய அத்தைக்கு,

எல்லோரும் சுகம். மென்டலுக்குச் சளி, பரவாயில்லை. கை காயம் ஆறியது கேட்டு நிம்மதி.

டப்பா பத்திரமாக வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. மாவு மெல்லியதாக, அக்ரூட் பூரணம் அளவான இனிப்போடு, மிகவும் நன்றாக இருந்தது. பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள்.

பண்டிகை வேலையில் இதற்குமேல் எழுத முடியவில்லை.

ஹிண்டல்

*

புடாபெஸ்ட்
12 மார்ச் 1996

ஹிண்டலுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் இந்த முறை இல்லை.

அந்தக் கின்ட்லியில் அக்ரூட் இல்லை. இந்த வருஷம் கிடைத்த அக்ரூட் எல்லாம் சிக்கு வாடை அடித்ததால் அத்தனையிலும் கசகசாவை அரைத்து வைத்தேன். கறுப்புக் கசகசா. தின்ற பிள்ளையின் பல் ஒரு நாளெல்லாம் கறுத்திருக்கும், குருடிக்கும் தெரியும்.

நீ டப்பாவைத் திறக்கவே இல்லை.

செரேனிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கடிதத்தை நாலாக மடித்தாள். பிறகு, "மாமி, என் மாமனார் சரின்னு சொன்ன அடுப்புல நான் பக்கத்துல நின்னு சுட்டது. இதைத் திங்க மாட்டேன்னா, அது உங்களை மட்டும் இல்ல, எங்களையும் சேத்துச் சொன்ன மாதிரி" என்றாள். எனக்கு அவமானம் பழக்கம், அவளுக்குப் பழக்கமில்லை. அவளுக்குப் பதில் சொல்.

டப்பா என்ன ஆயிற்று?

பிரோஷ்கா

*

ஆன்ட்வெர்ப்
17 மார்ச் 1996

மதிப்புக்குரிய அத்தைக்கு,

பொய் எழுதியது தப்பு. டப்பாவைத் திறக்கவில்லை. எங்கள் கட்டடக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அந்த செரேனையோ அவர் மாமனாரையோ குறைத்துச் சொல்லும் எண்ணம் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பஸ்காவுக்கு உங்கள் சமையலறையை ஆயத்தம் செய்ய வேண்டாம். பஸ்கா நாட்களில் நாங்கள் எங்கள் வீட்டுக்கு வெளியே எங்கும் எதுவும் சாப்பிடுவதில்லை. இது பரம்பரை வழக்கம். என் சொந்த அம்மா இதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிறாள், அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். புளிப்பில்லாத அப்பத்தில் ஈரம் பட்டால்கூட எங்களுக்கு ஆகாது. ஒவ்வொரு வீட்டின் கண்டிப்பும் வேறு, அதனால் கலப்பதில்லை. ஆகவே இதில் உங்களுக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

ஜெபக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். எங்கள் பாத்திரங்களோடு வருகிறோம். பிள்ளைகளை உங்களிடம் தினமும் அழைத்து வருகிறேன். தயவுசெய்து சாப்பாட்டுப் பேச்சை விட்டுவிடுங்கள்.

ஹிண்டல்

*

புடாபெஸ்ட்
21 மார்ச் 1996

ஹிண்டலுக்கு,

சுகம். கோபம் உடம்புக்கு நல்லது போலிருக்கிறது, முழங்கால்கூட வலிக்கவில்லை.

அக்டோபரில் நான் கேட்டபோது இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் தரை விரிப்பு கருகட்டும், என் பாத்திரம் போகட்டும், கிழவி தானே களைத்து விட்டுவிடுவாள் என்று காத்திருந்தாய். சரி.

உன் வழக்கத்தைப் பற்றி விசாரித்தேன். செரேனின் மாமனார் சிரித்தார். "உண்மைதாம்மா, அவங்க பஸ்கால யார் வீட்லயும் கை நனைக்க மாட்டாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா அது ஏழு நாளைக்குத்தான்" என்றார். பரிசுத்த பூமியில் பண்டிகை ஏழு நாள். வெளியே இருக்கும் நமக்கு எட்டு. அந்த எட்டாம் நாள் மட்டும் உங்கள் ஆட்கள் கட்டை அவிழ்த்து விடுவார்களாம். அப்பத்தை வேண்டுமென்றே சூப்பில் ஊறப்போட்டு, உருண்டை பிடித்து, ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். பெரிய பெரிய ரபிகளே செய்வார்களாம். இதை நீ எழுத மறந்துவிட்டாய்.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் பயணம் கூடாத நாள் என்பதும் தெரிந்துகொண்டேன். ஆக எட்டாம் நாள் நீங்கள் இந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும். பஸ்காவுக்கென்று மூன்றாவது தொகுதிப் பாத்திரம் வந்துவிட்டது, குளித்தும்விட்டது. அடுப்பை மறுபடி சுடுகிறார்கள். எட்டாம் நாள் மத்தியானம் என் மேசையில் சூப்பு இருக்கும், உருண்டை இருக்கும்.

இனி என்ன சாக்கு வைத்திருக்கிறாய்? இருந்தால் எழுது. இல்லையென்றால், நீ என்னை வெறுக்கிறாய் என்று ஒரே வரியில் எழுது. அதையும் தாங்குவேன்.

பிரோஷ்கா

*

ஆன்ட்வெர்ப்
25 மார்ச் 1996

அத்தை,

உடம்பு சரியில்லை, இரண்டு நாள் தூக்கமும் இல்லை. ஆகையால் மரியாதையாக எழுத வரவில்லை.

உங்களை வெறுக்கிறேனா என்று கேட்டீர்கள். ஆமாம், கொஞ்சம். ஒவ்வொரு கடிதத்திலும் என்னைக் குத்துகிறீர்கள், நானும் வாங்கிக்கொள்கிறேன். இனி முடியாது.

ஆகஸ்டில் நான் சாப்பிட்டிருக்க முடியாது. உங்கள் அடுப்பு அப்போது அப்படி இருந்தது. ஃபெய்காவின் முகத்தைத் திருப்பியது அவள் கேட்டு அழுதுவிடுவாள் என்றுதான். ஆனால் பூரிம் டப்பாவை நான் திறக்கப் போனேன். செரேனின் மாமனாரை என் அப்பாவுக்குத் தெரியும். அவர் சரி என்றால் எனக்குச் சரி. டப்பாவை என் கையிலிருந்து வாங்கி அலமாரி உச்சியில் வைத்து, பிறகு காவல்காரருக்குக் கொடுக்கச் சொன்னது உங்கள் மகன்.

எட்டாம் நாள் பற்றி நான் எழுத மறக்கவில்லை. எழுதாதே என்று சொன்னார். என் அம்மா அன்றைக்குத் தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறவள். நான் அந்த வீட்டில் பிறந்தவள், எனக்கு இதெல்லாம் பயமில்லை. அவர் முப்பது வயதில் வந்தவர், எல்லாவற்றுக்கும் பயம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த அடுப்புல பன்னிக்கொழுப்பு உருகின வாசனை இன்னும் என் மூக்குல இருக்கு. எத்தனை தரம் சுட்டாலும் அந்த வீட்டுச் சாப்பாடு என் தொண்டையில இறங்காது."

இதை உங்களிடம் சொல்லக் கூடாதாம். தாயை அவமதிப்பது பாவமாம். அதனால், உன் வழக்கம் என்று எழுது, உன் கண்டிப்பு என்று எழுது என்றார். அவர் தாயை மதிக்கிற கட்டளையை நிறைவேற்ற என் பெயர் கிழிகிறது.

நானும் பிள்ளைகளும் எட்டாம் நாள் வருவோம். அவரைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

ஹிண்டல்

*

புடாபெஸ்ட்
29 மார்ச் 1996

காபோர்,

அங்கே உன்னைக் கவ்ரியேல் என்கிறார்களாம். நான் வைத்த பெயர் காபோர். சுகமாக இருக்கிறாய் என்று உன் மனைவியின் கடிதங்களில் படித்திருக்கிறேன்.

இதைத் தொப்பிக் கடைக்காரர் உன் கையிலேயே கொடுப்பார். உன் மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

ஆமாம், பன்றிக்கொழுப்பில் சமைத்தேன். கிடைத்தது அது. கேட்டு வாங்கி ரொட்டியில் தடவித் தின்றாய். அது போட்ட உடம்பில்தான் இன்று நீ நின்று ஜெபம் செய்கிறாய். அதற்காக நான் உன்னிடமோ வேறு யாரிடமோ வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

என் சாப்பாடு உன் தொண்டையில் இறங்காது என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெண்ணின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவள் கையால் எனக்குப் பொய் எழுத வைத்தாய். எந்த ரபி இதைச் சொல்லிக்கொடுத்தார்? நானும் அவளையே திட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மாதமாக உனக்கு விழ வேண்டியது அத்தனையும் அவள் தலையில் விழுந்தது.

எட்டாம் நாள் வா. வராமல் இருந்தால் உன் அப்பாவின் ஜெபக்கூடத்தில் எல்லோரும் கேட்பார்கள், நான் பதில் சொல்வேன், ஒளிக்காமல். வந்து உட்கார். சாப்பிடு என்று ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன்.

அம்மா

*

ஆன்ட்வெர்ப்
21 ஏப்ரல் 1996

அத்தை,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் சுகம். உங்கள் மாடிப்படி ஏறி இறங்கியதில் என் முதுகு இன்னும் நேராகவில்லை.

எட்டாம் நாள் உங்கள் மகன் இரண்டு மணி நேரம் வெறும் கரண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அது என் தப்பு அல்ல. ரயிலில் அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி உங்களுக்கு எழுத வேண்டியது இருந்தால் அவரே எழுதட்டும். நான் எனக்காக மட்டும் எழுதுகிறேன்.

எனக்காக எழுதுவதென்றால், சூப்பு நன்றாக இருந்தது, உண்மையாகவே. உருண்டை கல். ஆலைத் தொழிலாளிகள் எதையும் மெல்லுவார்கள், மென்டலுக்கு இன்னும் பால் பற்கள். பிசைந்ததும் உருட்டாதீர்கள், மாவைக் குளிரில் வைத்து ஊறவிடுங்கள். ஆனால் ஃபெய்கா ஐந்து தின்றாள். வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம், உன் உருண்டை நொளநொளவென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். இப்போது என் அம்மாவுக்கும் உங்கள் மேல் கோபம்.

நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டது உங்களுக்குப் போதவில்லை என்று தெரியும். உங்கள் கண் முழுவதும் அந்த நாலாவது தட்டிலேயே இருந்தது. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஹிண்டல்

*

புடாபெஸ்ட்
28 ஏப்ரல் 1996

ஹிண்டலுக்கு,

சுகம். முதுகுக்குச் சூடான உப்பு மூட்டை ஒத்தடம் கொடு. இது வெறும் பேச்சுக்கு எழுதியதல்ல, செய்.

உன் அம்மாவின் கோபத்தை வரவேற்கிறேன். நொளநொள உருண்டையை மருந்து என்று சொல்லிக் கொடுக்கலாம், சாப்பாடு என்று சொல்லக் கூடாது.

நாலாவது தட்டைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சாப்பிட்டு முடித்து நீ பிள்ளைகளைப் பின்னறையில் தூங்க வைக்கப் போனாயே, அப்போது அவன் சமையலறைக்குள் வந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தேன். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தான். சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி, கடைசி இழுப்பறை வரைக்கும். அடுப்புக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடு என்று சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தேன், எழுதினால் எழுதியதுதான்.

பிறகு குண்டான் மூடியைத் தூக்கினான். சூப்பு ஆறி மேலே கொழுப்பு கட்டியிருந்தது. கோழிக்கொழுப்பு. பெரிய கரண்டியை எடுத்தான், அப்படியே நின்றபடி, குண்டான் மேல் குனிந்து ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். துப்பப் போகிறான் என்று நினைத்தேன். இன்னொரு கரண்டி எடுத்தான். அடியில் கிடந்த உருண்டைகளைத் தேடித் தேடித் தின்றான், நீ கல் என்று சொன்ன உருண்டைகளை, ஆறிப்போனதை. தாடியெல்லாம் சூப்பு. "உக்காந்து சாப்பிடேன்டா" என்று என் வாயில் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன்.

பின்னறைக் கதவுச் சத்தம் கேட்டதும் மூடியைப் போட்டுவிட்டு வாயைத் துடைத்தான். "அம்மா, ஹிண்டல்கிட்ட சொல்லாதே" என்றான்.

"ஏன்டா, திருடியா தின்னே?" என்று கேட்டேன்.

கரண்டியைத் தொட்டியில் போட்டான். நீ உள்ளே வந்தாய், அவன் ஜெபப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

அவன் செய்ததை மறைத்து நீ எனக்கு எழுதினாய். அவன் தின்றதை மறைத்து நான் உனக்கு எழுத வேண்டுமாம். நான் அதைச் செய்ய மாட்டேன். இந்தக் கடிதத்தை அவன் எதிரிலேயே சத்தமாகப் படி. வீட்டில் சண்டை வந்தால் வரட்டும்.

அவன் தின்றான் என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நின்றுகொண்டு, ஒளிந்துகொண்டு குடிப்பதைச் சாப்பாடு என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. அறுவடைப் பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அது பால் சாப்பாடு, என் பால் பாத்திரங்கள் கரி படாமல் சும்மா கிடக்கின்றன. எல்லோரும் வாருங்கள். அவன் உட்கார்ந்து, தட்டில் வாங்கி, உன் கண்ணெதிரே சாப்பிட வேண்டும். அதுவரை நான் அவனோடு பேசுவதாக இல்லை.

பிரோஷ்கா